சீறாத குழாய்

முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. சந்திரவல்லி வாளியைக் கீழே வைத்துவிட்டு, விமானத்தின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடம் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டச் சரிவில் ஏறி இறங்கிய கால்கள். இனி ஏறாது என்றான பிறகுதான், பொட்டிபுரத்துப் பக்கம் தோட்ட முதலாளி போட்டிருந்த ஓடுபாதையில் கல் பொறுக்கவும் இரண்டு சீட்டு விமானத்தைத் துடைக்கவும் வந்து சேர்ந்தாள். இந்தச் சோலி போனால் மறுபடியும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் விடியற்காலை ஜீப்புதான்.

இன்றோடு போய்விடும் போலிருந்தது. வெளியூர் மெக்கானிக் சர்வீஸ் பண்ணிவிட்டுப் போனதிலிருந்து எஞ்சின் இடக்குப் பண்ணியது. சிலிண்டர் நாலு. ஒவ்வொன்றுக்கும் தீப்பொறி விடும் பிளக் இரண்டு, சாவியின் இடது பக்கத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. சாவியை இடது பக்கம் வைத்தால் சீராக ஓடியது. வலதில் வைத்தால் குளிர்காய்ச்சல் கண்டவன்போல உதறியது. கழுவுகிற பொம்பளை தண்ணீரை உள்ளே விட்டிருப்பாள் என்று மெக்கானிக் போனிலேயே சொல்லி முடித்துவிட்டான்.

"ஏம்மா, பிளேன எருமன்னு நெனச்சியா, குளிப்பாட்டி விட?" என்றார் முதலாளி. "நாளையிலருந்து தோட்டத்துக்கே போயிரு."

"றெக்கையத்தான் ஈரத்துணியில தொடச்சேன் மொதலாளி. எஞ்சின் மூடியத் தொடவே இல்ல. அந்தாளுதான் ஒரு பிளக்க சிமிட்டித் தரையில போட்டாரு. டிங்குன்னு கேட்டுச்சு. பேண்டுல தொடச்சு மாட்டிட்டாரு."

விமானம் ஓட்டும் ஈஸ்வர் சட்டென்று திரும்பினான். "கீழ விழுந்தத மாட்டவே கூடாதேக்கா. எந்த பிளக்கு?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, எதுன்னு சொல்ல? தண்ணி தெளிச்சுப் பாருங்க தம்பி. ஸ்டோர்ல ஏலக்காய் காயப்போட, அடியில இரும்புக் குழாய்ல அனல் விடுவோம்ல. எந்தக் குழாய்ல சூடு வரலன்னு அப்பிடித்தான் பாப்போம். இதுலயும் நாலு பொகக் குழாய் இருக்குல்ல?"

"இன்னும் தண்ணியா!" என்றார் முதலாளி.

ஈஸ்வர் சிரித்தான். "அக்கா சொல்றது சரியா இருந்துச்சுன்னா மேல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். மொதலாளி முன்னாடியே சொல்றேன்."

எஞ்சின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, சாவியை வலதிலேயே வைத்து எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டி அணைத்தான். விசிறி நின்றது. சாவியை உருவிக்கொண்டு இறங்கினான்.

சந்திரவல்லி விரலை நனைத்து உதறினாள். முதல் குழாய் சுர்ரென்று சீறியது. இரண்டாவதும் சீறியது. மூன்றாவதில் விழுந்த துளி அப்படியே உருண்டு, நுனியில் கொஞ்ச நேரம் தொங்கி, சிமெண்டில் சொட்டியது. நாலாவது சீறியது.

புறங்கையை மூன்றாவது குழாயில் வைத்துப் பார்த்தாள். வெறும் வெதுவெதுப்பு. இத்தனை பெரிய சத்தத்துக்குள் ஒரு அடுப்பு மட்டும் பற்றாமல் இருந்திருக்கிறது.

ஈஸ்வர் மூன்றாவது சிலிண்டரின் வலது பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பினான். வெள்ளைப் பீங்கானில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல். புதியதை மாட்டி எஞ்சினை முடுக்கினான். இடது, வலது, மறுபடி வலது. உதறல் இல்லை. எஞ்சினின் சீரான அதிர்வு தரை வழியாக உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரை வந்தது. வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

முதலாளி மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "ஒண்ணுமில்ல சார், சின்ன விசயம்தான், சரியாயிருச்சு." பிறகு அவளிடம், "சரி, இருந்துக்க. ஆனா இனிமே வாளியோட எஞ்சின் பக்கம் வரப்படாது" என்றார். சொல்லிவிட்டு இரண்டாவது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஈஸ்வர் ஒருமுறை அவளைப் பார்த்தான். கதவைச் சாத்தினான்.

அவள் பொறுக்கிச் சுத்தம் பண்ணிய பாதையில் விமானம் ஓடியது. சக்கரம் மண்ணை விட்டது. திறந்த வாய் மூடாமல் அண்ணாந்து நின்றாள். பதினேழு பேரை அடைத்துக்கொண்டு ஜீப்பு வளைந்து வளைந்து ஏறும் மலையை, அவள் கையில் இருந்த துணியைப் பிழிவதற்குள் அது தாண்டிவிட்டது.

சந்திரவல்லிக்கு ஒரு ரவுண்டு பாக்கி.