ஸ்விட்ச் மேல் பழி

ஓரெஸ்ட்டுக்கு ஒரு வியாதி உண்டு. தன் வீட்டுக்குள் ரிப்பேர்க்காரன் கால் வைக்கக் கூடாது. தானியக் கிடங்கில் மெக்கானிக். ஊர் மோட்டாரையெல்லாம் பிரித்து மாட்டுகிறவன், சொந்த வீட்டு மெஷினுக்கு இன்னொருத்தனைக் கூப்பிட்டால் மானம் என்ன ஆவது?

அந்த மானத்துக்கு ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனை வந்தது. ராத்திரி முழுக்கப் பனிப்புயல். விடிந்து பார்த்தால் வெளியே மைனஸ் முப்பத்தெட்டு, வீட்டுக்குள் பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் செத்துக் கிடந்தது.

"யாரையாவது கூப்பிடட்டுமாங்க?" என்றாள் அவன் மனைவி டார்கா. கோட்டைப் போட்டுக்கொண்டுதான் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"இன்னும் இல்ல. மத்தியானத்துக்குள்ள ரெண்டு பேரும் போயிடுவோம்."

அவன் காதில் வாங்கவில்லை. டார்ச்சும் கையுமாக நிலவறையில் இறங்கினான். முறையாகத்தான் பார்த்தான், அதில் குறை சொல்ல முடியாது. தெர்மோஸ்டாட்டுக்குப் புது பேட்டரி போட்டான். ஃபில்டரை உருவித் தட்டிப் பார்த்தான். மெயினை அணைத்துப் போட்டான். ஒவ்வொரு தடவையும் ஃபர்னஸ் லேசாக முனகும், அப்புறம் அடங்கிவிடும். உள்ளே ஒரு குட்டி விளக்கு மட்டும் மூன்று தடவை மூன்று தடவையாகக் கண் சிமிட்டியது. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த அட்டவணையில் விரல் வைத்துத் தேடினான். மூன்று சிமிட்டல் என்றால் காற்றழுத்த ஸ்விட்ச்.

"அகப்பட்டான் திருடன்!" என்று கத்தினான். "ஸ்விட்ச் போச்சு டார்கா! அந்த ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கி விட்டா குதிரை மாதிரி ஓடும்."

டார்கா படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். அந்த ஸ்விட்ச் எதற்கு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். புகை வெளியே போகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதே அதுதான். போகவில்லை என்றால் நெருப்பைப் பற்றவே விடாது.

"அந்த வயர்ல கை வெச்சீங்க, அப்புறம் நடக்கிறதே வேற! ஃபில்டர் மாத்துங்க, பேட்டரி மாத்துங்க, யார் வேணாங்கிறா? கேஸ் சமாச்சாரத்துல விளையாட்டா? அந்தப் புகைக்கு வாசனைகூட இருக்காது. தூக்கத்துலயே போய்ச் சேர்ந்துடுவோம்."

ஓரெஸ்ட் முறைத்தான். ஆனால் கையை எடுத்துவிட்டான். டார்கா ஃபோன் போட்ட முதல் கம்பெனியில் ஆளே எடுக்கவில்லை. இரண்டாவது கம்பெனிக்காரன் நாளை சாயங்காலம் என்றான். அதற்குள் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும்.

டாஃபின் ஊரில் ஃபர்னஸ் ரிப்பேர் பண்ண பாக்கி ஒரே ஆள்தான். மைரன். டார்காவின் சொந்தத் தம்பி. அவனும் ஓரெஸ்ட்டும் ஒருத்தன் முகத்தில் ஒருத்தன் விழித்து இரண்டு வருஷம் ஆகிறது.

எல்லாம் ஒரு துடைப்பத்தால் வந்த வினை. கர்லிங் விளையாட்டின் இறுதியாட்டம், இரண்டு பேரும் ஒரே அணி. பனித்தளத்தில் கல் வழுக்கி வர, அது இன்னும் தூரம் போக, ஓரெஸ்ட் அதற்கு முன்னால் துடைப்பத்தைத் தேய்த்துக்கொண்டே ஓடினான். துடைப்பம் கல்லில் பட்டால் பட்டவனே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும், அதுதான் மரியாதை. ஓரெஸ்ட் கையைத் தூக்கவில்லை. கேப்டன் மைரன் தூக்கிவிட்டான். "எங்க ஆள் தொடப்பம் பட்டுச்சு" என்று ஊர் கூடிய இடத்தில் சொன்னான். அந்தக் கல் செல்லாமல் போய், கோப்பை பக்கத்து ஊருக்குப் போனது. படவே இல்லை என்று ஓரெஸ்ட் சத்தியம் செய்தான். அன்றிலிருந்து தம்பிக்கு அக்கா வீட்டுச் சாப்பாடு கிடையாது. நல்ல நாள் பெரிய நாளில் காலி நாற்காலியைப் பார்த்து டார்கா கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

"அவனை மட்டும் கூப்பிடாத!" என்றான் ஓரெஸ்ட்.

"கூப்பிட்டாச்சு" என்றாள் டார்கா, காதில் ஃபோனோடு. "மைரா, ஹீட் நின்னு போச்சுடா. மாமா ஏதோ ஸ்விட்ச் வயரை முறுக்கப் போறேங்கிறாரு..."

"அக்கா, அவர் அந்த ஸ்விட்ச் பக்கம் போகாம கையைக் காலைக் கட்டிப் போடு. வர்றேன்."

வேறு பேச்சு இல்லை. இந்தக் குளிரில் ஹீட் போச்சு என்று யார் கூப்பிட்டாலும் போவதுதான் அங்கே வழக்கம். ஆனாலும் டார்காவுக்குப் பாதி உயிர் வந்தது.

கொஞ்ச நேரத்தில் மைரன் வந்தான். பக்கவாட்டுக் கதவருகே பூட்ஸைக் கழற்றிவிட்டு, கையில் பையோடு நிலவறைக்கு இறங்கினான். ஓரெஸ்ட் கைகட்டி நின்றான்.

"ஸ்விட்ச்" என்றான் ஓரெஸ்ட், சுவரைப் பார்த்து.

மைரன் குனிந்து பார்த்தான். "மேல போய் தெர்மோஸ்டாட்டை ஏத்தி வைங்க மாமா."

ஓரெஸ்ட் ஏற்றி வைத்துவிட்டு நின்றான். கீழே சின்ன விசிறி முனகியது. டிக் டிக்கென்று ஒரு சத்தம். குப்பென்று நெருப்பு பற்றியது. பெரிய விசிறி ஓட, தரைச்சல்லடைகளிலிருந்து வெதுவெதுவென்று காற்று கிளம்பியது. டார்கா ஓடிப்போய் ஒரு சல்லடை மேல் நின்றுகொண்டாள். பாவாடை காற்றில் உப்பியது. "அப்பாடா! வயித்துல பால் வார்த்தடா தம்பி!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

மைரன் மேலே வந்தான். "ஸ்விட்ச்தான்க்கா போயிருந்துது, மாத்திட்டேன். மாமா சொன்னது சரிதான். இதெல்லாம் வீட்ல இருக்கிறவங்க பண்ற வேலை இல்ல."

ஓரெஸ்ட்டின் நெஞ்சு ஒரு சாண் நிமிர்ந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே!"

"சாப்பிட்டுட்டுப் போடா" என்றாள் டார்கா. அடுப்பில் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை மாதிரியான பெரோகி வெந்துகொண்டிருந்தது.

மைரன் ஓரெஸ்ட்டைப் பார்த்தான். ஓரெஸ்ட் அடுப்பைப் பார்த்தான். "இல்லக்கா, இன்னும் நாலு வீடு காத்திருக்கு" என்று மைரன் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டான். டார்காவின் முகம் விழுந்துவிட்டது. அவசரமாக ஒரு டப்பாவில் பெரோகியை அள்ளி, கணவன் கையில் திணித்தாள். "இதையாவது கொண்டு போய்க் கொடுங்க."

ஓரெஸ்ட் டப்பாவோடு வெளியே வந்தான். பக்கவாட்டுச் சுவர் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டான்.

முந்தின நாள் சாயங்காலம் பனி தள்ளும் மெஷினால் அவன் வாரியிறைத்த பனி அங்கே சுவரோடு குவிந்திருந்தது. அதன் நடுவே யாரோ கையால் தோண்டிய பள்ளம். பள்ளத்துக்குள் ஃபர்னஸின் இரண்டு வெள்ளைக் குழாய்கள். ஒன்றிலிருந்து ஆவி புஸ்புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. தெருவிலிருந்து நேரே பள்ளம் வரைக்கும், அங்கிருந்து கதவு வரைக்கும் பெரிய பூட்ஸ் தடம்.

ஸ்விட்சுக்கு ஒரு கேடும் இல்லை. மூச்சுக் குழாயை அடைத்தவனே இவன்தான். பாவம், அந்த ஸ்விட்ச் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அதன் வாயைக் கட்டப் போனான் இவன். வயரை முறுக்கியிருந்தால் இந்நேரம் டார்காவும் இவனும்... ஓரெஸ்ட் டப்பாவோடு தெருவுக்கு ஓடினான்.

மைரன் வண்டிக் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், பழைய ஸ்விட்ச் எங்க?"

மைரன் திரும்பவில்லை. "தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க போட்டே? நீ மாத்தவே இல்ல. குழாயைத் தோண்டிட்டுத்தானே உள்ளயே வந்தே?"

மைரன் சுரண்டுவதை நிறுத்தினான்.

"அன்னிக்கு ஊரே பார்க்க என்னைக் காட்டிக் கொடுத்தே" என்றான் ஓரெஸ்ட். "இன்னிக்கு உங்க அக்கா முன்னால எதுக்குடா பொய் சொன்னே?"

"உண்மையைச் சொன்னதுக்கு ரெண்டு வருஷம் அக்கா கையால சாப்பிடல மாமா" என்றான் மைரன். "இன்னொரு உண்மையைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

குளிரில் கண்ணீர் இமையிலேயே உறையும். ஓரெஸ்ட் கையுறையால் அழுத்தித் துடைத்தான்.

"பட்டுச்சுடா" என்றான். "அன்னிக்குத் தொடப்பம் கல்லுல பட்டுச்சு. எனக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும் மாமா. நான்தானே பார்த்தேன்."

ஓரெஸ்ட் வாய்விட்டுச் சிரித்தான். மைரன் தோளில் கையைப் போட்டு வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே உரக்கக் கத்தினான்: "டார்கா! இன்னொரு தட்டு எடுத்து வை! ஸ்விட்ச் போகல, உன் புருஷனுக்குத்தான் புத்தி போயிருந்துது!"