ஆட்டுக்குட்டி போல் அழும் பெட்டி

துப்பாக்கியை நான்தான் பிடிப்பேன் என்று ஆரினிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். என் நாயைச் சுட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், அதை இன்னொருத்தர் கையில் விட எனக்கு மனசில்லை.

ஆரின் டாஸ்கர் பக்கத்துப் பண்ணைக்காரன். பக்கம் என்றால் வயோமிங்கில் ஏழு மைல். இருபது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான், இப்போது கொயோட்டி வேட்டைதான் முழுநேர வேலை. என்னைவிட மூன்று வயது இளையவன். ஆனால் வாயைத் திறந்தால், ஆயுசு முழுக்க ஆடு வளர்த்தவள் எனக்கே பாடம் எடுப்பான். அவன் சொல்வதில் பாதியை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்த ஏப்ரலில் மட்டும் முழுதாகக் கேட்டுத் தொலைத்தேன்.

பதினெட்டு நாளில் என் மந்தையில் பதினோரு ஆட்டுக்குட்டி போயிருந்தது. கொயோட்டி நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சின்னது, சாமர்த்தியத்தில் இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். தொண்டையில் ஒரே கடி, குட்டி ஒரு தடவைதான் கத்தும். சத்தம் கேட்டு நான் ஓடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். டீக்கன் இருந்த வரைக்கும் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் போகும்.

டீக்கன் என் காவல் நாய். வெள்ளை ரோமம், கரடி உடம்பு, தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்தி வரும் டீக்கன் என்ற ஊழியர் போல ஒரு முகம். அதனால்தான் அந்தப் பெயர். எட்டு வாரக் குட்டியாக வந்ததிலிருந்து ஆடுகளோடேதான் வளர்ந்தான். என்னிடம் பெரிய ஒட்டுதல் கிடையாது. வருவான், கையை ஒரு தடவை முகர்வான், போய்விடுவான். ஆட்டுக்குட்டி கத்தினால் மட்டும் சாப்பாட்டுத் தட்டை உதறிவிட்டு ஓடுவான்.

பனிப்புயல் வருகிறது என்றதும் மேல் மேய்ச்சலிலிருந்து ஆடுகளை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தேன். டீக்கன் லாரியில் ஏறமாட்டான், பின்னாலேயே நடந்து வருவான். எப்போதும் அப்படித்தான். அன்று சாயங்காலம் ஆரின் போன் செய்தான்.

"மேல ஓடைக்கரையில இரும்புப் பொறி வைக்கலாம்னு இருக்கேன் மார்சி. உன் நாய் கீழ வந்தாச்சா?"

காவல் நாய் வைத்திருப்பவர்களைக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் பொறி வைக்க மாட்டார்கள். கேட்டால், போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அன்று கை விறைத்திருந்தது, முதுகு விண்விண் என்றது.

"ஆடு வந்தாச்சுன்னா நாயும் வந்தாச்சு. வச்சுக்கோ," என்றேன்.

டீக்கன் வரவில்லை. மூன்று நாள் கழித்து, பனி விட்டதும் ஆரினும் நானும் தேடிப் போனோம். அவன் வைத்த ஆறு பொறியில் ஒன்றைச் சங்கிலியோடு காணவில்லை. டீக்கன் மாட்டியிருப்பானோ என்று கேட்டேன்.

"நாயா இருந்தா மாட்டின இடத்துலயே நின்னு ஊரைக் கூட்டியிருக்கும்," என்றான் ஆரின். "இது பெரிய ஆண் கொயோட்டி. தரையில அடிச்ச ஆணியைப் பிடுங்கிட்டு ஓடியிருக்கு. நல்ல பொறி அது, போச்சு." அந்தப் பொறிக்காக ஒரு வாரம் புலம்பினான். நானும் நம்பிவிட்டேன். நம்பாவிட்டால் என்னால் தூங்கியிருக்க முடியாது.

பிறகுதான் குட்டிகள் சாக ஆரம்பித்தன. நான்காவது குட்டிக்குப் பக்கத்தில், ஈர மண்ணில் அந்தத் தடம் இருந்தது. என் உள்ளங்கை அளவு தடம், கொயோட்டிக்கு அவ்வளவு பெரிய கால் கிடையாது. தடத்தை ஒட்டி எதையோ இழுத்துக்கொண்டு போனது போல ஒரு கோடு. ஆரின் மண்டியிட்டு ரொம்ப நேரம் பார்த்தான். அவனுக்கும் அதைச் சொல்ல இஷ்டமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"உன் நாய் உசுரோடதான் இருக்கு மார்சி. கெட்ட சகவாசத்துல சேர்ந்துடுச்சு. கொயோட்டி கொல்லுது, இவன் இழுத்துட்டுப் போறான். பாரு, குட்டியை இழுத்த கோடு."

"டீக்கனா? வாயை அலம்பிட்டு வா."

"தடம் யாருதுன்னு நீயே சொல்லு."

ஏழாவது குட்டியிடமும் அதே தடம், அதே கோடு. ஒன்பதாவதிலும். ஆட்டிறைச்சி ருசி கண்ட காவல் நாயை யாரும் மறுபடி மந்தையில் விடுவதில்லை. அதை ஊரில் வேறு யாருக்கும் கொடுப்பதுமில்லை. எங்களுக்கு அதில் இரண்டு பேச்சு கிடையாது. ஆரினும் நானும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். கொயோட்டிகளுக்கு இரை வைப்பது. அதே இரைக்கு டீக்கன் வந்து வாய் வைத்தால், நானே சுடுவது.

இரை என்பது, பிரசவத்தில் செத்துப்போன என் கிழட்டு ஆடு ஒன்று. இழுத்துக்கொண்டு போய்விடாதபடி ஆரின் அதை வேலிக் கம்பத்தோடு கம்பி போட்டுக் கட்டினான். பத்து நாள் அந்தப் பக்கம் மனுஷ வாடையே படவிடவில்லை. தினமும் தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்து எனக்குப் போனில் செய்தி வாசிப்பான். "வயிறு போச்சு." "இடது தொடை போச்சு." நான் காலைச் சாப்பாடு சாப்பிடும் நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவான்.

பதினோராம் நாள் மாலை நான்கு மணிக்குப் போனோம். வெயில் எங்கள் முதுகில், காற்று எங்கள் முகத்தில். சேஜ் புதருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தோம். நூறு கெஜத்தில் செத்த ஆடு, அதற்குப் பத்தடி தள்ளி ஆரினின் ஒலிபெருக்கிப் பெட்டி. ரொட்டி டப்பா அளவுதான் இருக்கும், உள்ளே இருநூறு விலங்குகளின் கூப்பாடு. ரிமோட் ஆரின் கையில்.

"இரையை மட்டும் வச்சா இருட்டினப்புறம்தான் வரும்," என்று கிசுகிசுத்தான். "சத்தம் மட்டும் குடுத்தா தூரத்துல நின்னு யோசிக்கும். ரெண்டையும் சேர்த்து வை. காது சொல்றதை மூக்கும் சொல்லுச்சுன்னா, சந்தேகம் போயிடும்."

"முப்பது வருஷமா இதையே சொல்ற."

"முப்பது வருஷமா நீ கேக்கலையே."

முதலில் அடிபட்ட முயலின் கத்தல். ஒன்றும் வரவில்லை, ஒரு காக்கை மட்டும் வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போனது. பிறகு பெண் கொயோட்டியின் ஊளை. அதற்குத் தூரத்து மேட்டில் ஒரு தலை எழுந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எங்களைவிட அதற்குப் பொறுமை ஜாஸ்தி.

"சரி, ஆட்டுக்குட்டிதான்," என்றான் ஆரின். போன வருஷம் என் கொட்டகையில், குட்டிகளுக்கு வால் நறுக்கும் நாளில் அவன் பதிவு செய்த குரல் அது. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, பழக்கத்தில் கேட்டுவிட்டான்: "நாயை அடைச்சாச்சா?"

குட்டிச் சத்தம் போடுவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்வி அது. கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அவன் பொத்தானை அழுத்தினான்.

பெட்டி அழுதது. என் குட்டியின் குரல் எனக்குத் தெரியும். மேட்டிலிருந்த கொயோட்டி எழுந்தது. நேராக வராமல், எதிர்க்காற்றில் மோப்பம் பிடிக்க ஒரு பெரிய வட்டம் போட ஆரம்பித்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆரின் என் முழங்கையைத் தொட்டான்.

"மார்சி. ஓடைப் பக்கம்."

ஓடைக்கரைப் புதரிலிருந்து சேற்று நிறத்தில் ஒன்று வந்தது. அது வட்டம் போடவில்லை, மோப்பம் பார்க்கவில்லை. விழுந்து எழுந்து நேராக வந்தது. துப்பாக்கியின் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். அந்தக் காணிக்கைத் தட்டு முகத்தை எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தான் டீக்கன்.

"பெட்டிக்கு வரல, செத்த ஆட்டுக்குப் போறான்," என்றான் ஆரின். குரலில் வெற்றி இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். "நான் சொன்னேனே."

"பேசாதே."

டீக்கன் செத்த ஆட்டுக்குப் பக்கத்தில் நின்றான். தலை குனிந்தது. மூக்கு இறைச்சியிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் பட்டினி கிடந்த மிருகம், முன்னால் திறந்து வைத்த விருந்து. நான் துப்பாக்கியின் பூட்டை விலக்கினேன். சின்னச் சத்தம்தான், எனக்கு மலை சரிந்தது போல இருந்தது. கடவுளே, தின்னாதேடா, தின்னாதேடா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன் போல. ஆரின் பிறகு சொன்னான்.

பெட்டி மறுபடி அழுதது. டீக்கன் தலையை நிமிர்த்தினான். இறைச்சியைச் சுற்றிக்கொண்டுகூடப் போகவில்லை, அதன்மேலேயே தாண்டிப் போனான். பெட்டியிடம் வந்தான். அதற்கு முதுகைக் காட்டி, வட்டம் போட்டு வந்துகொண்டிருந்த கொயோட்டிக்கு முகத்தைக் காட்டி நின்றான். குரைத்தான். குரலே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் அந்தக் கொயோட்டிக்கு அது போதுமானதாக இருந்தது, திரும்பி மேட்டுக்கே ஓடிவிட்டது.

அப்போதுதான் அவன் முன்னங்காலைப் பார்த்தேன். வெயிலில் ஏதோ மின்னியது. இரும்பு. அதிலிருந்து இரண்டடிச் சங்கிலி தரையில் கிடந்தது.

ஆரின் பைனாகுலரை இறக்கினான். "அது என் பொறி," என்றான்.

அந்தக் கோடு அதுதான். குட்டியை இழுத்த கோடு என்று நாங்கள் இரண்டு மேதாவிகளும் மண்டியிட்டுப் படித்தது, இவன் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்த கோடு. ஒவ்வொரு குட்டியின் கத்தலுக்கும் வந்திருக்கிறான். மூன்று காலில், இரும்பை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் தாமதமாக. செத்த குட்டியின் பக்கத்தில் நின்றிருக்கிறான். நாங்கள் அந்தத் தடத்தைப் பார்த்து அவனுக்குத் தூக்குத் தண்டனை எழுதினோம்.

துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துப் பையில் போட்டேன். ஆரின் என்ன செய்வது என்று தெரியாமல் ரிமோட்டை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினான்.

பெட்டி ஓய்ந்ததும் டீக்கன் திரும்பினான். குனிந்து பெட்டியை முகர்ந்தான். மூக்கால் ஒரு தடவை உருட்டினான். பிறகு பிறந்த குட்டியை நக்குவது போல அந்தப் பிளாஸ்டிக்கை நக்க ஆரம்பித்தான். நக்கினான், நிறுத்தினான், காதை வைத்துக் கேட்டான், மறுபடி நக்கினான்.

"போடு," என்றேன்.

"என்னது?"

"இதுவும் செத்துடுச்சுன்னு நினைக்கிறான். போடுய்யா சத்தத்தை!"

ஆரின் போட்டான். டீக்கனின் வால் ஒரே ஒரு தடவை ஆடியது.

நாங்கள் கிட்டப் போனபோது அவன் என்னை முகர்ந்தான், ஆரினைப் பார்த்து உறுமினான். ஆரின் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டான். "உறுமு, நல்லா உறுமு. எனக்கு வேணும்," என்று சொல்லிக்கொண்டே பொறியின் இரண்டு பக்க ஸ்பிரிங்கையும் கையால் அழுத்தித் திறந்தான். டீக்கனின் காலில் இரண்டு விரல் போயிருந்தது. மற்றதெல்லாம் இருந்தது. ஆரினின் கன்னம் ஈரமாக இருந்ததை நான் பார்க்காதது போல இருந்தேன்.

"நான் வச்ச பொறி மார்சி."

"நான் பார்க்காம வச்சுக்கோன்னேன். பழியைப் பங்கு போட்டுக்கலாம், தூக்கு."

டீக்கன் தூக்க விடவில்லை. பெட்டியை நான் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, அது அழ அழ வண்டிக்கு நடந்தேன். நொண்டிக்கொண்டே பின்னால் வந்தான். ஜென்மத்தில் வண்டி ஏறாத நாய், பெட்டியைப் பின்னாலிருந்த திறந்த தட்டில் வைத்ததும் ஏறிவிட்டான். நானும் கூடவே ஏறினேன். டீக்கன் பெட்டியை முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு படுத்தான். அடிபட்ட கால் மேலே, நல்ல கால் கீழே. நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். பதினொரு வருஷத்தில் அதற்கு முதல் தடவையாக அனுமதி கொடுத்தான்.

முதல் வேலிக் கதவு தாண்டுவதற்குள் பெட்டியின் பாட்டரி தீர்ந்துவிட்டது. அழுகை இழுத்து இழுத்து நின்றுபோனது. டீக்கன் எழுந்து உட்கார்ந்தான். பெட்டியை நக்கினான். என்னைப் பார்த்தான். வண்டியிலிருந்து குதித்துவிடுவான் போல உடம்பு விறைத்தது. கொட்டகைக்கு இன்னும் நான்கு மைல் இருந்தது.

எனக்கு அறுபத்தொரு வயது. தேவாலயத்தில் பாடும்போதுகூட வாயை மட்டும் அசைப்பவள். என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஆரின் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான். இருபது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டிய அந்தக் கரகரத்த தொண்டையில், ஆட்டுக்குட்டி போலக் கத்த ஆரம்பித்தான்.