ஒன்றும் ஏற்ற முடியாத கார்

வாகனம் வாங்கி விற்கும் எங்கள் சேலில் அதிகம் போவது பட்டாதான். முன்னால் இரண்டு பேர் இருக்கலாம், பின்னால் திறந்த பெட்டி, சின்ன லொறி. மாதத்தில் பத்து வாகனம் போனால் ஆறு பட்டாவாக இருக்கும். பிறகு கன்ரர் லொறி, பிறகு ஹயஸ் வான்.

நெளுக்குளத்தில் மன்னார் வீதியோரமாக இருக்கும் அந்தச் சேலில் நான் படிவம் நிரப்புகிறவள். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம். படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியையும் எல்லோரிடமும் கேட்பேன். ஏன் இதை எடுக்கிறீர்கள்? பேனை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் தொடங்கிய கேள்வி, பழக்கமாகிவிட்டது. "சாமான் எந்தக் கடையிலையும் கிடைக்கும்" என்பார்கள். "நாளைக்கு வித்தாலும் போட்ட காசு வரும்" என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், "மச்சானும் இதுதானே வைச்சிருக்கிறார்" என்பது வெளியே வரும்.

ஆனால் வாயை விட்டுவிட்டுக் கையைக் கவனித்தால் வேறொன்று தெரியும். எஞ்சினைத் திறக்கச் சொல்ல முன்னரே எல்லோருடைய கையும் பின்பெட்டிக்குப் போய்விடும். தட்டிப் பார்ப்பார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பார்கள். செட்டிகுளத்திலிருந்து வந்தாலும் மாங்குளத்திலிருந்து வந்தாலும் அந்த ஒரு கேள்வி மாறாது.

"எவ்வளவு ஏத்தலாம்?"

அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எட்டு வயதில், சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடியபோது, நான் உழவு இயந்திரப் பெட்டியில், நெல் மூட்டைக்கும் அம்மாவின் தையல் மெசினுக்கும் நடுவில் இருந்து வந்தவள். ஒவ்வோர் இடத்திலும் ஏதோவொன்றை இறக்கி வைத்துவிட்டுப் போனோம். அதனாலோ என்னவோ, புது வாகனம் ஒன்று சேலுக்கு வந்து நின்றால் மனம் தானாக அளக்கத் தொடங்கிவிடும். அம்மா முன்னால். காணி உறுதி வைத்த பை அம்மாவின் மடியில். மெசின் பின்னால், அதன் மேல் பாய்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெட்டியைத் தட்டிப் பார்க்கிறவர்களும் அதையேதான் அளக்கிறார்கள் என்று நம்பினேன்.

இறக்குமதித் தடை நீங்கி வெளிநாட்டு வாகனங்கள் மறுபடியும் வரத் தொடங்கியபோது, முதலாளி இளையதம்பி ஐயா கொழும்புக்குப் புறப்படும் அவசரத்தில் பகிடியாகக் கேட்டார்.

"சாரங்கா, உனக்கென்ன கொண்டரட்டும்? பூந்தியோ, மஸ்கற்றோ?"

"ஒரு சின்னக் கார் கொண்டாங்கோ ஐயா. கியர் மாத்தத் தேவையில்லாதது."

"ஆர் வாங்கிறது? உன்ர கொப்பரோ?"

"ரீச்சர்மார் வாங்குவினம். நேர்ஸ்மார் வாங்குவினம்."

ஆண்களோடு கூட வரும் பெண்களை நான் கவனித்திருந்தேன். அவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சோடா குடித்துவிட்டு இருப்பார்கள். படிவத்தில் சாட்சியாக எழுதுவதற்காக அடையாள அட்டையை எடுக்கும்போது, அதே பைக்குள் மடிப்புக் கலையாத ஓட்டுநர் உரிமம் இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஒருவரிடமில்லை, பலரிடம்.

ஐயா ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். கொண்டுவந்து கேற்றடியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உன்ர சொல்லைக் கேட்டு எடுத்தது. ஆடி பிறந்தால் சனம் வாகனம் வாங்காது. அதுக்குள்ள போச்சுதெண்டால் அடுத்தமுறை நீயும் கொழும்புக்கு வா, நீயே பாத்து எடு. போகேல்லையெண்டால் திருப்பிக் குடுத்திடுவன். பிறகு வாயைத் திறவாமல் படிவத்தை நிரப்பு."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒன்று சொல்லி, அதை நம்பி இன்னொருவர் ஒரு காரியம் செய்தது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அந்தக் கார் திரும்பிப் போனால் என் சொல்லும் அதோடு போய்விடும்.

ஆறு கிழமை அது நின்றது. வருகிறவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டுப் பகிடி விட்டார்கள்.

"உதென்ன தங்கச்சி, முட்டைக்கோதே?"

"ஒரு மூட்டை வைச்சால் மனுசி நடந்துதான் வரவேணும்."

நான் விடவில்லை. எரிபொருள் மிச்சம் என்றேன், சாமான் கிடைக்கும் என்றேன், விற்றால் விலை போகும் என்றேன். அவர்கள் எனக்குச் சொல்லித்தந்த காரணங்களையெல்லாம் அவர்களுக்கே திருப்பிச் சொன்னேன். கடைசியில் பின் இருக்கையை மடித்துக் காட்டினேன். "பாருங்கோ, ரெண்டு மூட்டை வைக்கலாம்." அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் பட்டாவிடம் போனார்கள்.

ஆடிக்கு நான்கு நாள் இருந்த சனிக்கிழமை முள்ளியவளையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ஜெயந்தன், வயல் செய்கிறவர். மனைவி கமலாசனி, ஒட்டுசுட்டானுக்கு அங்கால் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். பழைய பட்டாவை விற்றுவிட்டு வேறொன்று எடுக்க வந்திருந்தார்கள். அவர் நேரே பட்டா வரிசைக்குப் போய் ஒரு பெட்டியைத் தட்டினார். அவர் மனைவியோ காரின் கதவைத் திறந்து, கேட்காமலே ஓட்டுநர் இருக்கையில் ஏறி இருந்தார். நான் ஓடினேன்.

"நல்ல கார் ரீச்சர். பின் சீற்றை மடிக்கலாம்."

அவருடைய முகம் வாடிவிட்டது. "மடிக்கலாமோ?"

"ஓம். ரெண்டு மூட்டை தாராளமா ஏத்தலாம்."

அவர் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். இறங்கப் போகிறார். ஆறு கிழமையில் இந்த இருக்கையில் வந்து இருந்த முதல் ஆள். என்ன பிழையாகச் சொன்னேன் என்று எனக்கு விளங்கவில்லை.

"ஏன் ரீச்சர், காணாதோ?"

"கூடிப்போச்சு பிள்ளை." அவர் பட்டா வரிசைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்கட பட்டா வீட்டில நிண்டதைவிட ஊரில நிண்டதுதான் கூட. விடியக் காலமை ஒருத்தர் வந்து உரம் ஏத்த வேணும் எண்டுவார். செத்தவீடெண்டால் கதிரை, பந்தல் தகரம். கோயில் திருவிழாவெண்டால் வாழைமரம். இவருக்கு ஏலாதெண்டு சொல்ல வாய் வராது. நான் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில தொங்கிக்கொண்டு போறன், எங்கட வாகனம் ஆரோ ஒருத்தரின்ர வைக்கோலோட எனக்கு முன்னால போகுது. எனக்கு ஒண்டும் ஏத்தேலாத ஒரு வாகனம் வேணும்."

நான் உண்மையைச் சொன்னேன்.

"ரெண்டு மூட்டை எண்டது பொய் ரீச்சர். ஒண்டு வைக்கலாம், அதுவும் நாலு பேர் பிடிச்சால்."

அவருடைய கால் உள்ளே போனது. "பந்தல் தகரம்?"

"வரவே வராது."

"பிளாஸ்ரிக் கதிரை?"

"மூண்டு. பின் கதவு பூட்டாது."

"வைக்கோல்?"

"ரீச்சர், வைக்கோலை இதுக்குப் பக்கத்தில கொண்டரவே ஐயா விடமாட்டார்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்புக் கேட்டு ஜெயந்தன் வந்தார்.

"இஞ்சரும், என்ன உதுக்குள்ள ஏறி இருக்கிறீர்? உதில ஒரு உரப்பை ஏத்தேலாது."

"ஓம், ஏத்தேலாது" என்றார் கமலாசனி, பரிசு வாங்கியவர் போல.

"அப்ப வயலுக்கு?"

"வயல் உழுகிற லாண்ட்மாஸ்ரர் பெட்டியோட கிடக்குத்தானே. அது காணும்."

"ஊராக்கள் வந்து கேட்டால் என்ன சொல்லுறது?"

"நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். காரைக் காட்டுங்கோ. அவையளே திரும்பிப் போவினம்."

ஜெயந்தன் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கை பழக்கத்தில் பின்கதவைத் தட்டியது. பிறகு சந்தேகத்தோடு கேட்டார்.

"அப்ப ஒருத்தரும் விடிய நாலரைக்கு வந்து கேற்றில தட்டமாட்டினமோ?"

"தட்டமாட்டினம்."

"செத்தவீட்டுக்கு நானும் எல்லாரையும் போல சும்மா போய் இருக்கலாமோ?"

"இருக்கலாம்."

அவர் பட்டா வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓடிப் பாரும்" என்றார்.

கமலாசனி ஓட்டினார். நான் பக்கத்தில், ஜெயந்தன் பின்னால் முழங்காலை மடித்துக்கொண்டு. மன்னார் வீதியில் கமலாசனி முதலில் இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு ஒரு லொறியை முந்தினார்.

"மெல்ல, மெல்ல" என்றார் பின்னாலிருந்து ஜெயந்தன்.

"நீங்கள் வெளியில பாருங்கோ. எப்பவும் நீங்கள்தானே ஓடுறது, ஒருநாளும் பாத்திருக்கமாட்டீங்கள்."

திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே அவர் வெளியே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உரத்துக்கும் கதிரைக்கும் வாழைமரத்துக்குமாகப் பெட்டியைத் தட்டிய எத்தனையோ பேரை, மறுபடியும் ஊரை விட்டு ஓடுவதற்குத் தயாராக நிற்பவர்களாக நான் மனதில் எழுதி வைத்திருந்தேன். சிலர் அப்படியும் இருந்திருக்கலாம். ஆனால் என் பயத்தை எடுத்து எல்லோர் முகத்திலும் பூசியது நான்தான். கேள்வியைக் கேட்டேனே தவிர, வந்த பதிலை நம்பவில்லை. பக்கத்தில் இருக்கிற இந்தப் பெண் எங்கேயும் தப்பிப் போக நினைக்கவில்லை. திங்கட்கிழமை முதலாம் பாடத்துக்கு நேரத்துக்குப் போக நினைக்கிறார், அவ்வளவுதான். அந்த அவ்வளவு எனக்கு ஏனோ பெரிதாக இருந்தது. அம்மாவை எங்கே இருத்துவது என்று நான் இந்தக் காருக்குள் ஒருமுறையேனும் அளந்து பார்க்கவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

சேலுக்குத் திரும்பியதும் படிவத்தை எடுத்தேன். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். ஜெயந்தன் தன் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுக்கப் போய், பாதியில் நிறுத்தி, மனைவியைக் கண்ணால் காட்டினார்.

நல்ல நேரம் பார்த்து, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பிற்பகல் கார் கேற்றைத் தாண்டிப் போனது. இளையதம்பி ஐயா வீதி வரை போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஆவணி பிறக்கக் கொழும்புக்குப் போறம். எத்தினை எடுக்கிறது?"

"மூண்டு எடுப்பம் ஐயா."

"மூண்டும் வெள்ளையோ? வெள்ளைக்குத்தான் விலை."

நிறத்தைப் பற்றி நான் யோசித்திருக்கவேயில்லை. ஆனாலும் வாய் உடனே சொன்னது.

"ஒண்டு சிவப்பு."

"சிவப்போ? வன்னிப் புழுதிக்குள்ள ரெண்டு நாளில நிறம் தெரியாமல் போயிடும், பிள்ளை."

"கழுவுவினம் ஐயா" என்றேன்.