காற்று வரும் பக்கம் வாசல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் ஊர் உப்பளத்தில், தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் கலீலுல்லாவைக் கேட்டுப் பிரயோசனமில்லை. அவர் எதையும் சொல்ல மாட்டார். யார் எது கேட்டாலும் "சரி" என்பார், அவ்வளவுதான். அப்படி அவர் சொன்ன ஒரே ஒரு "சரி"க்காகப் பதினான்கு மாதம் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் மகன் உஸைர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். இருபத்தேழு வயது. ஒரு நாள் விடிகாலையில் ரோட்டைக் கடக்கும்போது லாரி மோதி அங்கேயே போய்விட்டான். அவனோடு ஒரே ரூமில் இருந்த அரியாங்குப்பத்துப் பையன் அருள்முருகன்தான் போன் செய்தான். உடலை ஊருக்கு அனுப்ப எத்தனை நாள் ஆகுமென்று தெரியவில்லை, இங்கேயே அடக்கம் பண்ணிவிடலாமா என்று கேட்டான். இவர் போனைக் காதில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "சரிப்பா" என்றார். நான் அடுப்படியில்தான் இருந்தேன். ஒரு எட்டு வந்து என்னைக் கேட்டிருக்கலாம் இல்லையா?

"ஐஸ் பெட்டியில புள்ளைய எத்தினி நாளு போட்டு வெக்கறது நிஷா?" என்று பிறகு சொன்னார். நியாயம்தான். நியாயமாக இருந்தால் பெற்ற வயிறு ஆறிவிடுமா? என் பிள்ளையின் முகத்தை நான் கடைசியாக ஒரு தடவை பார்க்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து அருள்முருகன்தான் விசா எடுத்து எங்களை அங்கே அழைத்தான். முதல் நாளே உஸைரை அடக்கம் செய்த கபரஸ்தானுக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் பெண்கள் அதற்குள் போவதில்லை. என்னைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இவர் மட்டும் உள்ளே போனார். திரும்பி வந்தவரின் பாதமெல்லாம் மண்.

"எப்படிங்க இருக்குது?" என்றேன்.

"ஒரு கல்லு. நம்பர் போட்டிருக்குது."

கல்லைப் பார்த்தவர் இவர். அடக்கத்தன்றைக்கு மூன்று பிடி மண் அள்ளிப் போட்டவன் அருள்முருகன். பெற்றவள் எனக்கு என்ன கிடைத்தது? பத்திக்கொண்டு வந்தது எனக்கு.

எனக்கென்று மிச்சம் இருந்தது ஒரு டென்ட். குளிர்காலத்தில் லீவு கிடைத்தால் உஸைரும் அருள்முருகனும் பாலைவனத்துக்குப் போய் டென்ட் போட்டுத் தங்குவார்கள். அங்கிருந்து வீடியோ காலில் வருவான். "இன்னா காத்து பாரும்மா!" என்பான். அந்தக் காற்றுச் சத்தத்தில் அவன் பேசுவது பாதி கேட்காது. "மண்ணுல போயிப் படுக்கறதுக்கா உன்ன அவ்ளோ தூரம் அனுப்புனேன்?" என்று கத்துவேன். யா அல்லாஹ், இந்த வாயால்தான் அதைச் சொன்னேன்.

ரூமில் கட்டிலுக்கு அடியிலிருந்து அருள்முருகன் அந்தப் பையை எடுத்துக் கொடுத்தான். "ஒதறக்கூட இல்லம்மா. அவன் மடிச்சு வெச்சது அப்படியே இருக்குது" என்றான். பையைத் திறந்து முகத்தைப் புதைத்தேன். தேங்காய் எண்ணெய், வேர்வை, கொஞ்சம் அத்தர். என் பிள்ளையின் வாசனை. இல்லை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

"எனக்கு இதுல ஒரு ராத்திரி படுக்கணும். அப்பறம் இத ஊருக்கு எடுத்துனு போயிடுவேன்" என்றேன். வீட்டில் அவன் சட்டைகளை எல்லாம் யாரோ நல்ல எண்ணத்தில் துவைத்து வைத்துவிட்டார்கள். துவைக்காமல் இருந்தது இந்த டென்ட் ஒன்றுதான்.

மறுநாள் பிற்பகல் அந்த இடத்துக்குப் போனோம். சுற்றிலும் மணல் மேடு, நடுவில் வேலி போட்ட இடம், ஒரு தண்ணீர்க் குழாய், அங்கொன்றும் இங்கொன்றுமாக டென்ட்டுகள். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. பேசினால் பல்லில் மணல் நறநறத்தது. எனக்கே வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அருள்முருகன் டென்ட்டை விரித்து, காற்றுக்கு முதுகு காட்டுகிற மாதிரி வாசலை வைத்து, நான்கு மூலையிலும் இரும்பு முளை அடித்தான். "வெறகு வாங்கினு வந்துடறேன். வந்து கயிறு இழுத்துக் கட்டறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனான்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரே புழுக்கம். என் பிள்ளைக்குப் புழுக்கம் ஆகவே ஆகாது. எங்கள் ஊரில் பிற்பகலானால் கடல் காற்று ஏறும். அந்த நேரத்தில் கிழக்குக் கதவு சாத்தியிருந்தால் அது ஆள் இல்லாத வீடு என்று அர்த்தம். வாடகைக்கு வீடு பார்க்கப் போனாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் வருமென்றுதான் கேட்போம், தண்ணீரைப் பற்றிக்கூட அப்புறம்தான். உஸைர் அந்தக் கிழக்குக் கதவுக்கு நேராகத் தலை வைத்துத் தூங்குவான்.

"என்னங்க, இத்த அந்தப் பக்கமா திருப்புங்க. காத்து வர்ற பக்கம் வாசல் இருக்கட்டும்."

"தொடாதீங்கன்னு அருளு சொல்லிட்டுப் போச்சே நிஷா."

"என் புள்ள எப்படிப் படுப்பான்னு அருளுக்குத் தெரியுமா? ஊர்ல இருக்கறவன் எது கேட்டாலும் உங்களுக்குச் சரி. போன்ல கேட்டாக்கூடச் சரி. நான் கேட்டா மட்டும் ஆவாது, இல்ல?"

அவர் முகம் செத்துப் போனது. முளைகளைப் பிடுங்கினார். டென்ட்டைத் திருப்பினார். சுத்தியல் காரோடு போய்விட்டிருந்தது. அதனால் ஒவ்வொரு முளையையும் மணலில் வைத்துச் செருப்புக் காலால் மிதித்து இறக்கினார். அறுபத்து மூன்று வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்து போன மனுஷன். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடிதான் இருந்தேன்.

உள்ளே போய் வாசல் ஜிப்பை மேல்வரைக்கும் திறந்துவிட்டேன். காற்று குபுகுபுவென்று நுழைந்தது. கண்ணை மூடினால் உப்பளத்தில் எங்கள் வீடு. அவன் துண்டு ஒன்று மூலையில் சுருண்டு கிடந்தது. அதைத் தலைக்கு வைத்துப் படுத்தேன், வாய்விட்டு அழுதேன். பத்து நிமிஷம் இருக்குமா? அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

"மக்ரிபு ஆயிடுச்சு நிஷா" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார். குழாயில் முகம், கை, கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தேன். தொழுகை விரிப்பு பறக்காமல் இருக்க மூலைகளில் தண்ணீர் பாட்டிலும் செருப்பும் வைத்திருந்தார். அவர் முன்னால் நின்றார், நான் பின்னால்.

ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் தொழுகையைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவை அடுப்படியில் திரைத்துணி பற்றிக்கொண்டு நான் குய்யோ முறையோ என்று கத்தியபோதுகூட, முழுசாக முடித்து ஸலாம் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து வந்தார். அதற்குள் நானே தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தேன். அதற்காக ஒரு வாரம் திட்டினேன்.

ஒரு ரக்அத் முடிந்து, எழுந்து நின்று இரண்டாவது ஓதும்போது காற்று ஏறியது. எங்களுக்குப் பின்னால் 'பட்'டென்று ஒரு சத்தம். முளை பிடுங்கிக்கொண்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு இன்னொரு 'பட்'. நான் அசையவில்லை. முன்னால் ஓதிக்கொண்டிருந்த குரல் வசனத்தின் நடுவில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். விரிப்பில் ஆள் இல்லை.

டென்ட் உருண்டு உருண்டு மணல் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் இவர் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். விழுந்தார். எழுந்து மறுபடியும் ஓடினார்.

"உஸைரு! டேய் உஸைரு! நில்லுடா! அத்தா வர்றன்டா!"

பதினான்கு மாதத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டும் பார்த்ததில்லை. கல்நெஞ்சக்காரர் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த மனுஷன் மேட்டு உச்சியில் நின்று, ஒன்றுமில்லாத மணலைப் பார்த்து என் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அருள்முருகன் வந்ததும் விறகைக் கீழே போட்டுவிட்டுக் காரிலேயே தேடிக்கொண்டு போனான். வெறுங்கையோடு திரும்பினான். "வேலியத் தாண்டிப் போயிடுச்சும்மா. காலையில பாக்கலாம்" என்றான். கிடைக்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். தான் அடித்த இடத்தில் இல்லாமல் தள்ளி, மணலில் சாய்ந்து நின்ற ஒரே ஒரு முளையை அவன் குனிந்து பார்த்தான்.

"வாசல யாரும்மா திருப்புனது?"

எனக்கு வாய் வரவில்லை. எனக்கு!

அவனே புரிந்துகொண்டு தலையைக் குனிந்தான். "உஸைரும் மொத டென்ட்ட இப்படித்தாம்மா வுட்டான். காத்து வர்ற பக்கந்தான் வாசல் வெக்கணும், எங்கம்மா அப்படித்தான் சொல்லும்னான். எவ்ளோ சொல்லியும் கேக்கல. அர மணி நேரத்துல பறந்துடுச்சு. இது அவன் ரெண்டாவதா வாங்குனது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே அழுகையாக மாறிவிட்டது. இவர் மணலில் உட்கார்ந்திருந்தார், முழங்காலில் ரத்தம். நான் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் மண்ணைத் துடைத்தேன்.

"நான்தாங்க திருப்பச் சொன்னேன்" என்றேன்.

"நீ கேட்ட. நான் சரின்னேன்" என்றார்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தொழுகை பாதியில நிக்குது. மொதல்லேர்ந்து தொழணும்" என்றார். விரிப்பில் போய் நின்று, கையை உயர்த்தித் தக்பீர் கட்டினார். நானும் பின்னால் நின்று கட்டினேன். ஓத வாயெடுத்தார், குரல் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று வாயைத் திறக்காமல் நின்றேன்.