நேரில் கண்டபடி

1

இந்தக் கதை என் அறைச் சுவரில் தொங்கும் படத்திலிருந்து பிறந்தது. சாந்தோம் மாதா கோயில், அதன் முன்னால் வெறும் மணல். இரண்டு வருஷமாக அதைப் பார்த்தபடியேதான் வாராவாரம் தொடர்கதையில் கொலைகாரர்களைத் தப்பவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'டுமீல்! இருட்டைக் கிழித்துக்கொண்டு…'

(அடித்துவிட்டேன். இதில் யாரும் சுடப்படவில்லை. சுட்டிருந்தால் எழுதுவது சுலபம்.)

2

விக்டர், டிராயிங் மாஸ்டர். எதை வரைந்தாலும் கீழே தேதி போட்டு, 'நேரில் கண்டபடி' என்றெழுதிக் கையெழுத்திடுவார். நாற்பத்தாறு ஆகஸ்டில் மணலில் உட்கார்ந்து, கோயிலையும் முன்னாலிருந்த குப்பத்துக் குடிசைகளையும் பென்சிலால் வரைந்தார். நவம்பரில் புயல். ஒரு குடிசைகூட மிஞ்சவில்லை. அந்த ஜனங்களுக்குக் கூரை போட்டுத்தர, தம் படங்களை அச்சிட்டு விற்கக் கிளம்பினார். கபாலி கோயில் குளம், அடையாற்றுப் பாலம், கூடவே இது.

அச்சுக்கூடத்தில் அவருடைய சிநேகிதன் கஸ்தூரிரங்கன் உதட்டைப் பிதுக்கினான்.

"ஏன் ஓய், ஓட்டைக் குடிசையை யார் ஆத்துல மாட்டிண்டு அழுவா? அழிச்சுட்டு மணலா விடும். பறந்துண்டு போயிடும்."

விக்டர் ரப்பரை எடுத்தார். தேதி இருந்தபடியே இருந்தது.

(கஸ்தூரிரங்கன் சரியாக வரவில்லை. வில்லனாக்க மீசை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.)

3

பறந்துதான் போயிற்று. மூங்கிலும் ஓலையும் வந்து இறங்கின. ஆனால் புயலுக்கு முன்பே அங்கு குடியிருந்தவர்கள்தான் திரும்பக் குடிசை போடலாம் என்று உத்தரவு. மீன் விற்கும் தங்கபுஷ்பத்துக்காகப் பேச, அவளையும் அழைத்துக்கொண்டு விக்டர் அதிகாரியிடம் போனார்.

அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் அதே படம்! தர்ம காரியமென்று அவரும் வாங்கியிருந்தார்.

"ஆகஸ்ட் தேதி. நேரில் கண்டபடின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. குடிசை எங்கே மிஸ்டர் விக்டர்?"

"நான்தான் சார் அழிச்சேன்."

"அப்போ கையெழுத்து பொய்யா?"

தங்கபுஷ்பம் படத்தருகே போய் உற்றுப் பார்த்தாள்.

"இன்னா வாத்யாரே, நான் கருவாடு காயவெச்சுகினு இருந்தேன். நீ எதிர்க்கதான குந்திகினு வரைஞ்ச? எங்கூடு எங்க?"

"பொறும்மா, இப்பவே வரைஞ்சு தர்றேன்."

"வரை. கோயிலுக்கு எந்தாண்டன்னு நீயே சொல்லு, பாப்போம்."

விக்டர் பென்சிலை எடுத்தார். அது காகிதத்தைத் தொடவேயில்லை.

4

முடிவு ஒன்று: அதிகாரி மனமிரங்கி… (இரங்கவில்லை. தங்கபுஷ்பம் அடையாற்றுக்கு அப்பால் ஊரூர்க் குப்பத்தில் தங்கச்சி வீட்டில் ஒண்டிக்கொண்டு, கூடையோடு சாந்தோம் வரை நடக்கிறாள்.)

முடிவு இரண்டு: விக்டருக்குச் சட்டென்று ஞாபகம்… (வரவில்லை. அந்த இரண்டு வார்த்தையை அதன்பின் அவர் எந்தப் படத்தின் கீழும் எழுதவில்லை.)

மீசை ஏன் ஒட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மீசை கிடையாது.

படத்தை இறக்கி மேஜைமேல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் பென்சில். கொலை நடந்த அறையை அங்குலம் அங்குலமாக வர்ணிக்கிறவன் நான். அந்த மணலில் எத்தனையோ சாயங்காலம் காற்று வாங்கியிருக்கிறேன். நீங்களும் போயிருப்பீர்கள். சொல்லுங்கள், கருவாடு காய்ந்த அந்த வீடு, கோயிலுக்கு இடப்பக்கமா, இல்லை…