இடிபாட்டு மேட்டில் ஒரு கண்டக்டர்

ஜெராக்ஸ் கடைக்காரர் வாழ்க்கையில் எத்தனையோ வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்திருக்கிறார். செத்துப் பிழைக்கிற வேலையை மட்டும் அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார். இடித்துப் போட்ட பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில், முட்டுக் கொடுத்து நிறுத்திய கான்கிரீட் தளத்துக்கு அடியில், புரண்டு படுக்கக்கூட வழியில்லாத பொந்துக்குள் மல்லாந்து கிடந்தார். கழுத்தில் ஓர் அட்டை. 'இடது கால் நசுங்கியிருக்கிறது. பேச முடியாது. கூப்பிட்டால் தட்டலாம்.' அதை லேமினேட் செய்தவரும் அவரேதான்.

எல்லாம் காலையில் தேடி வந்த வினை. அட்டைகளை வாங்கிப் போக வந்த தீயணைப்பு நிலைய அதிகாரி, மீட்பு ஒத்திகையில் இடிபாட்டுக்குள் சிக்கியவராக நடிக்க வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் என்று கடை வாசலிலேயே தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நீங்க வர்றீங்களா? சும்மா படுத்திருந்தா போதும்."

"படுக்கறதுன்னா படுத்துடலாம் சார்," என்று இவரும் ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்பினார்.

ஒரு விஷயத்தை மட்டும் மென்று விழுங்கிவிட்டார். அந்த ஒத்திகையில் தேடப்போகிற தன்னார்வ மீட்புக் குழுவின் தலைவி அவருடைய சொந்த மனைவி. சொன்னால் அதிகாரி வேறு ஆளைப் பார்ப்பார். மனைவியிடமும் சொல்ல முடியாது; யார் எங்கே கிடக்கிறார் என்பது தேடுகிறவர்களுக்குத் தெரியக்கூடாது. அவள் வேலை செய்வதை ஒருமுறையாவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அவருக்கு. பார்ப்பதற்கென்று வாய்த்த இடம் பொந்தாகப் போய்விட்டது.

மனைவி பஸ் கண்டக்டர். நெரிசலில் பின்படிக்கட்டில் தொங்குகிறவனை முன்சீட்டிலிருந்தே உள்ளே ஏற்றிவிடும் குரல் அவளுக்கு. பணி முடிந்த நேரத்தில் ஒரு தையல்காரி, இரண்டு ஆட்டோ ஓட்டுநர்கள், ஒரு மருந்துக்கடைப் பெண் என்று ஆள் சேர்த்துக் குழுவை அவள்தான் உண்டாக்கினாள். போன ஒத்திகையில் தீயணைப்புத் துறை, போலீஸ் நாய்ப்படை, ஆம்புலன்ஸ் என்று ஆளாளுக்கு ஒரு வேலை இருந்தது. இவள் குழுவுக்குக் கிடைத்தது, வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற வேலை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரம் விளக்கினாள். அவள் பேசாதது கடைக்காரரைக் கலவரப்படுத்தியது. இந்த முறை நிலைய அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்: சிக்கியவர்களில் ஒருவரையாவது உங்கள் குழு கண்டுபிடித்தால், நிஜ விபத்துக்கும் உங்களைக் கூப்பிடுவோம். இல்லாவிட்டால் பழையபடி தண்ணீர் பாட்டில்தான்.

ஒத்திகையில் சிக்கியவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் பொம்மைகள். யாரோ உடுத்திய அழுக்குச் சட்டை மாட்டிய ஒன்றை நாய் மோப்பம் பிடித்துவிட்டது, இன்னொன்றைத் தீயணைப்பு வீரர்கள் தூக்கிவிட்டார்கள். மேலே வாக்கி-டாக்கி கரகரப்பதைக் கேட்டே இவருக்கு இதெல்லாம் தெரிந்தது. ஆக மிச்சம் இவர்தான்.

நாய் மேட்டின் மறுபக்கத்தில், உடைந்த குழாய் ஒன்றின் வாயில் நின்று குரைத்தது. இவருடைய வியர்வை வாடை குழாய் வழியாக அங்கே போய்த் தொலைத்திருக்க வேண்டும். உடனே அந்தப் பக்கம் கட்டர் போட்டார்கள். கம்பி அறுபடும் சத்தத்தில் இவருக்குப் பல் கூசியது. மெல்ல அறுத்துக்கொண்டே வந்தாலும் ஒரு கட்டத்தில் இவரிடம் வந்து சேர்ந்துவிடுவார்கள். வந்தால் அவள் கதை முடிந்தது.

அப்போது தலைக்கு மேலே அவள் குரல்.

"சார், எனக்குக் கொஞ்சம் அமைதி வேணும். இந்தப் பக்கம் காது வெச்சுப் பாக்கணும்."

"மிஷின் ஓடுதும்மா. அப்புறம் பாக்கலாம். நீங்க பசங்களுக்குத் தண்ணி குடுங்க." அது கட்டர் வைத்திருந்த தீயணைப்பு வீரர்.

"தண்ணி தர்றேன். அதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. எந்தக் குழு அமைதி கேட்டாலும் எல்லாரும் நிறுத்தணும்னு உங்க அதிகாரி முன்னாடிதான் பேசி முடிச்சோம். நான் கேக்குறேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் நீளமாக ஒரு விசில் ஊதினாள். ஒரு நீள விசில் என்றால் எல்லோரும் வாயையும் இயந்திரத்தையும் மூட வேண்டும். கட்டர் முனகி நின்றது. ஜெனரேட்டர் அடங்கியது. ஆம்புலன்ஸை அணைத்தார்கள். நாயையும் யாரோ தட்டிக்கொடுத்து உட்கார வைத்தார்கள். ஆனாலும் ஓர் எஞ்சின் மட்டும் எங்கோ உறுமிக்கொண்டே இருந்தது.

"அது யார் வண்டி? அணைக்கச் சொல்லுங்க."

"பெரிய ஐயா வண்டிங்க," என்றது ஓட்டுநரின் குரல், சங்கடத்தோடு. "ஏசி ஓடுது. உள்ள ஐயா இருக்காரு."

"இங்கயும் உள்ள ஒருத்தர் இருக்காரு தம்பி. அவருக்கு ஏசி இல்ல. அணைங்க."

எஞ்சின் நின்றது. பொந்துக்குள் கடைக்காரருக்கு நெஞ்சு விம்மியது. விம்முவதற்குத்தான் அங்கே இடமில்லை. மாவட்டத்துக்கே பெரியவரான கலெக்டரின் வண்டியை அணைத்துவிட்டாளே என்று நினைக்க நினைக்க, யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும் போல இருந்தது.

"உள்ள யாராவது இருக்கீங்களா? என் குரல் கேட்டா மூணு தடவை தட்டுங்க."

பதில் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு 'ஏம்மா' போதும், மறு நிமிடம் கண்டுபிடித்துவிடுவாள். எத்தனையோ வருஷமாக அவள் பேசக் காது கொடுத்துக் கேட்டே பழகிய மனிதர், பேசினால் காரியம் நடக்கும் என்ற ஒரே சமயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். கல்லை எடுத்துக் கம்பியில் தட்டினார். மூன்று தட்டு.

மேலே சத்தமே இல்லை. அவள் தரையோடு தரையாகக் காதை வைத்துப் படுத்திருப்பாள் என்று நினைத்தார். அவளும் இப்படிச் சும்மா இருப்பாள் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

"இன்னொரு தடவை."

தட்டினார். அவள் கை தளத்தின் மேல் ஊர்ந்து வரும் சத்தம், நேரே அவர் முகத்துக்கு மேலே வந்து நின்றது.

"இங்க," என்றாள். சந்தோஷம் தாங்காமல் விசிலை வாயில் வைத்து இரண்டு தரம் ஊதினாள்.

அங்கேதான் வந்தது வம்பு. பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் ரைட், போகலாம். இருபது வருஷமாக உதட்டில் ஊறிப்போன பழக்கம் அது. இடிபாட்டிலோ இரண்டு விசிலுக்கு அன்றைக்குப் பேசி வைத்த அர்த்தமே வேறு: மேடு சரிகிறது, எல்லோரும் ஓடுங்கள்.

ஓடினார்கள். தபதபவென்று காலடிகள் மேட்டைவிட்டு இறங்குவது இவருக்குக் கேட்டது. நாய்கூட ஓடியது. கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு, இனி காலத்துக்கும் தண்ணீர் பாட்டில்தான் என்று முடிவே கட்டிவிட்டார்.

அவள் மட்டும் நகரவில்லை. வாக்கி-டாக்கியில் அவள் குரல், எல்லாத் துறையும் கேட்கும்படி, பதறாமல் வந்தது.

"மேடு சரியல. தப்பு என்னோடது. பஸ் பழக்கத்துல ரெண்டு விசில் ஊதிட்டேன். ஆள் உயிரோட என் காலுக்குக் கீழ இருக்காரு. அந்தக் குழாய்ப் பக்கம் இல்ல, இங்க. எல்லாரும் திரும்பி வாங்க, கட்டரோட."

யாரோ சிரித்தார்கள். நிலைய அதிகாரி சிரித்தவனை அதட்டுவதும் கேட்டது. பிறகு காலடிகள் திரும்பி வந்தன.

தளத்தின் ஒரு மூலையை அறுத்துத் தூக்கியதும் வெளிச்சம் கண்ணில் அடித்தது. டார்ச்சோடு தலைகீழாக உள்ளே எட்டிப் பார்த்தாள் மனைவி. பார்த்தவள் டார்ச்சை அவர் முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு எதுவுமே நடக்காததுபோல அட்டையைப் படித்தாள்.

"ஐயா, நான் மீட்புக் குழு. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்றது கேட்டா கண்ணைச் சிமிட்டுங்க."

சிமிட்டினார். காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினாள். கழுத்தைத் தாங்கிப் பிடிக்கக் குனிந்தபோது, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கடையை யாருங்க பாத்துக்குறாங்க?" என்றாள்.

அட்டையில்தான் பேச முடியாது என்று போட்டிருக்கிறதே. அவர் மறுபடியும் கண்ணைச் சிமிட்டினார். மற்றபடி ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்வரை அவள் முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. தண்ணீர் பாட்டில் பேச்சு பேசிய தீயணைப்பு வீரர், அவள் சொன்னபடி சொன்ன மூலையைப் பிடித்துத் தூக்கினார்.

கடைசியில் எல்லாத் துறையும் கூடாரத்தில் கூடின. கடைக்காரர் ஒப்புக்குக் கட்டிய காலோடு பின்னால் நின்றார். பக்கத்தில் நாயோடு ஒரு போலீஸ்காரர். நிலைய அதிகாரி எழுந்து, "தப்பான விசில் ஒண்ணு ஊதப்பட்டது," என்று ஆரம்பித்தபோது கடைக்காரர் கட்டிய காலை மறந்து ஓர் எட்டு முன்னால் வந்துவிட்டார்.

"ஆமா சார், நான்தான்," என்று அவள் எழுந்து நின்றாள்.

"தெரியும், உக்காருங்க. நிஜத்துல அதுக்கு ஒரு உயிர் போகலாம், அதனால பழக்கத்தை மாத்திட்டு வாங்க. ஆனா ஒண்ணு. தப்பு நடந்த அடுத்த மூச்சுல அத்தனை பேர் காதுல விழற மாதிரி அதை ஒத்துக்கிட்ட ஆளை நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். எங்க ஆளுங்களா இருந்தா விசாரணை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்." கூடாரம் சிரித்தது. "இனி நிஜ விபத்துன்னா இவங்க குழுவுக்கும் போன் போகும். பெரிய ஐயா சரின்னுட்டாரு."

கைத்தட்டலில் கடைக்காரரின் கைதான் கடைசிவரை ஓயவில்லை. போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு அந்தம்மாவை முன்னமே தெரியுமா?"

"என் சம்சாரம்," என்றார் கடைக்காரர், தேவைக்கு மேல் சத்தமாக.

கூடாரமே திரும்பியது. நிலைய அதிகாரி வாய் பிளந்தார்.

"என்னய்யா சொல்றீங்க? அவங்க உங்க தலைக்கு மேலயே நிக்கிறாங்க. ஒரு குரல் குடுத்திருந்தா அப்பவே வேலை முடிஞ்சிருக்குமே."

"குடுத்திருந்தா நான் அவளுக்குக் கிடைச்சிருப்பேன் சார். அவ கண்டுபிடிச்சதா ஆயிருக்காது."

அவள் அங்கிருந்தே அவரைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அத்தனை துறையும் பார்க்க, அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.