நீளமான முன்சீட்டு

டாக்சிக்காரர் பூபாலனின் பழைய காரில் கியர் ஸ்டியரிங்கை ஒட்டியிருக்கும். முன்சீட்டு பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும். நடக்க முடியாத மகள் மணிபாரதி மாதாமாதம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அப்பாவின் மடியில் தலைவைத்துப் படுத்தபடிதான் போவாள்.

ஒருநாள் அந்தக் கார் ஓடாமல் நின்றுவிட்டது.

"அந்த மாடலையே கம்பெனிக்காரங்க நிறுத்திட்டாங்கண்ணே, விக்கலையாம். இனிமே சாமான் வராது," என்றான் மெக்கானிக் ராஜ்மோகன். "வேற வண்டி எடுங்க. புதுமாப்பிள்ள மாதிரி இருப்பீங்க."

வேறு வண்டியில் இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே கியர் நின்றது. மகளைப் பின்னால் படுக்கவைத்தார்.

"பயமா இருக்குதாம்மா?"

"இல்லப்பா. இங்கதான் காத்து நல்லா வருது. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

வழியிலிருந்த பீங்கான் கம்பெனிகளைத் தாண்டியதும் அவள் பேச்சு நின்றுபோனது. கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதங்கள் மட்டுமே தெரிந்தன. வண்டியை ஓரங்கட்டிப் பின்கதவைத் திறந்தார்.

அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்ப்பா நிறுத்துன, நேரமாவுதே" என்றாள்.